சென்னை – சிங்கப்பூர் 4 மணி நேரம்னு போட்டிருக்கு, டிக்கெட்டுல 7 மணி நேரம் வருது. அம்மாவை எந்த ஏர்போர்ட்ல ஏத்திவிடுறது?

கல்லிடைக்காரன் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். ஊர் கல்லிடைக்குறிச்சி. தங்கச்சி சிங்கப்பூர் உட்லண்ட்ஸ்ல இருக்கா. ஆவணி கடைசியில பிரசவத்துக்கு நாள் சொல்லியிருக்காங்க. ஆடி முடியுறதுக்குள்ள அம்மா அங்க போய்ச் சேரணும். அம்மாவுக்கு 66 வயசு. சுகர் உண்டு, முட்டுவலி உண்டு. விமானத்துல இதுவரை ஏறுனதே இல்ல. எனக்கு லீவு கிடைக்காது, தனியாத்தான் போகணும். விசா வேலையைத் தங்கச்சி பார்த்துக்கிட்டிருக்கா.

இணையத்துல பார்த்தா சென்னையில இருந்து சிங்கப்பூர் 2,900 கிலோமீட்டர் சொச்சம், பறக்கிற நேரம் 4 மணி சொச்சம்னு போட்டிருக்கு. அம்பாசமுத்திரத்துல டிராவல்ஸ்காரர் காட்டுன டிக்கெட்டுல ராத்திரி 11:15க்குக் கிளம்பி காலையில 6:05க்குச் சேருதுன்னு இருக்கு. கணக்குப் பார்த்தா 6 மணி 50 நிமிஷம். திரும்பி வர்ற டிக்கெட்டுல ராத்திரி 8:00க்குக் கிளம்பி 9:40க்குச் சென்னை. அது ரெண்டு மணி நேரம்கூட இல்ல. ஒரே தூரம்தானே? அம்மா எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருக்கணும்னு தெரிஞ்சாத்தான் மாத்திரை, சாப்பாடு எல்லாம் சொல்லி அனுப்ப முடியும்.

ரெண்டாவது, எந்த ஏர்போர்ட்? மேப்புல பார்த்தா திருவனந்தபுரம் மலைக்கு அந்தப் பக்கம் ஒட்டுனாப்புல இருக்கு. மாமா மதுரைங்கார். சித்தப்பா ரயில்ல சென்னைக்குப் போயி ஏறுங்கார். வாகைக்குளத்துல, அதான் தூத்துக்குடி ஏர்போர்ட்ல, ஏறுனா சுருக்கம்னு ஒருத்தர் சொல்லுதார். அம்மாவுக்கு அலைச்சல் எதுல கம்மி?

பாளை டீச்சர் எழுதியது:

தம்பி, பாளையங்கோட்டையில புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவ நான். என் மகளும் அங்கதான் இருக்கா, பேரப்பிள்ளைகளைப் பார்க்க நானும் தனியாப் போய் வந்தவதான். அதனால விரிவாவே எழுதுறேன்.

முதல்ல அந்த 7 மணி நேரம். டிக்கெட்டுல புறப்படுற நேரம் புறப்படுற ஊர்க் கடிகாரப்படி இருக்கும், சேர்ற நேரம் சேர்ற ஊர்க் கடிகாரப்படி இருக்கும். சிங்கப்பூர் நம்மளவிட இரண்டரை மணி நேரம் முன்னால. அங்க காலை 6:05ன்னா கல்லிடையில விடியக்காலம் 3:35. ராத்திரி 11:15ல இருந்து 3:35 வரைக்கும் எண்ணுங்க, 4 மணி 20 நிமிஷம். வரும்போது அங்க ராத்திரி 8:00ங்கிறது நமக்குச் சாயங்காலம் 5:30. அதுல இருந்து 9:40 வரைக்கும் 4 மணி 10 நிமிஷம். அம்மா இருக்கையில இருக்கப்போறது அவ்வளவுதான்.

எந்த ஊர் டிக்கெட்டுக்கும் பொருந்துற கணக்கு ஒண்ணு இருக்கு. போற நேரத்தையும் வர்ற நேரத்தையும் டிக்கெட்டுல உள்ளபடியே கூட்டிப் பாதியாக்குங்க. 6:50ம் 1:40ம் சேர்ந்தா 8:30, பாதி 4:15. அதுதான் உண்மையான சராசரி. பெரியதுல இருந்து சின்னதைக் கழிச்சுப் பாதியாக்கினா 5:10ல பாதி, 2:35. அதுல 2:30 கடிகார வித்தியாசம். மிச்சமிருக்கிற 5 நிமிஷத்துல காத்துக்குப் பங்கு உண்டு, அதைக் கீழே சொல்றேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைக் கரும்பலகையில போட்டா அன்னைக்கே தீர்க்கரேகைக் கணக்கு பிடிபட்டுரும்.

கல்லிடை 77½ பாகைக் கிழக்குல இருக்கு. சிங்கப்பூர் 104க்குக் கொஞ்சம் குறைவு. வித்தியாசம் 26 பாகை சொச்சம். பூமி ஒரு பாகை சுத்த 4 நிமிஷம், அப்போ சூரியக் கணக்குப்படி 1 மணி 45 நிமிஷம்தான் வித்தியாசம் வரணும். இரண்டரை மணி நேரம் வர்றதுக்கு முக்கியமான காரணம், 1982 ஜனவரி 1ஆம் தேதி சிங்கப்பூர் மலேசியாவோட சேர்ந்து கடிகாரத்தை அரை மணி முன்னால தள்ளி வச்சது. அதனால அங்க வருஷம் முழுக்கக் காலையில 7 மணி வாக்குலதான் சூரியன் உதிக்கும். அம்மா 6:05க்கு இறங்கும்போது வெளியே நல்ல இருட்டு. விடிஞ்சு இறங்குவோம்னு நினைச்சுக்கிட்டுப் போறவங்களுக்கு அந்த இருட்டுல மனசு சங்கடப்படும், முன்கூட்டியே சொல்லி வைங்க.

தூரத்துக்கு வருவோம். 2,900 கிலோமீட்டர்ங்கிறது உருண்டையான பூமி மேல ரெண்டு விமான நிலையத்துக்கும் நடுவுல உள்ள மிகக் குறுகிய கோடு. விமானம் மேலே போனபிறகு மணிக்கு 850 கிலோமீட்டர் வாக்குல ஓடும். வகுத்தா 3 மணி 25 நிமிஷம்தான் வருது. மிச்சம் 50 நிமிஷம் எங்க போச்சு? நிறுத்தின இடத்துல இருந்து ஓடுபாதை வரைக்கும் உருண்டு போறது, ஏறுறது, இறங்க முறைக்குக் காத்துச் சுத்துறது, இறங்கி வாசலுக்கு வந்து நிக்கிறது எல்லாம் அதுல அடக்கம். சென்னைக் கோடு வங்காள விரிகுடாவைக் குறுக்கே தாண்டி, கிரேட் நிக்கோபார் தெற்கு முனை, அதாவது நம்ம நாட்டுத் தென்கோடியான இந்திரா முனைப் பக்கமாப் போயி, சுமத்திராவோட வடமுனையைத் தொட்டாப்புல மலாக்கா நீரிணையில இறங்குது. திருவனந்தபுரத்துல இருந்து கோடு போட்டா இலங்கைக்கு நடுவுல போகும். மதுரையில இருந்து போட்டா இலங்கையோட வடக்குல உள்ள வன்னி வழியாப் போகும். விமானம் அச்சுப் பிசகாம இந்தக் கோட்டுலயே போகாது, அதுக்குன்னு உள்ள வழித்தடத்துல போகும். ஆனா தூரத்துல பெரிய வித்தியாசம் வராது.

காத்து. நீங்க அனுப்பப்போறது ஆடியில. ஆரல்வாய்மொழிக் கணவாயில ஆடிக்காத்து எப்படி அடிக்கும்னு உங்களுக்கே தெரியும், முப்பந்தல் காத்தாலை எல்லாம் மேற்குக் காத்துல சுத்தும். அதே மாசத்துல அதே இடத்துக்கு மேலே 14, 15 கிலோமீட்டர் உயரத்துல காத்து நேர் எதிரா, கிழக்கே இருந்து மேற்கே, பலமா ஓடுது. வெப்பமண்டலக் கிழக்கு ஜெட் காற்றுன்னு பேரு. இதை 1958ல எழுதி உலகத்துக்குச் சொன்னவர் நம்ம நாட்டு வானிலை விஞ்ஞானி பி. கோட்டீஸ்வரம். அதைப் பாடத்துல சொல்லும்போதெல்லாம் எனக்குப் பெருமையா இருக்கும். விமானம் 10, 12 கிலோமீட்டர்ல பறக்கும், அந்தக் காத்தோட கீழ்ப்பகுதி அதுக்கும் படும். அதனால ஆடி ஆவணியில சிங்கப்பூர் போற வழி சில நிமிஷம் கூடவும் வர்ற வழி சில நிமிஷம் குறையவும் செய்யும்.

இப்ப உங்க முக்கியமான கேள்வி. சிங்கப்பூருக்குத் தூரம் சென்னையில இருந்து 2,900 சொச்சம், திருச்சியில இருந்து 2,980 வாக்குல, மதுரை 3,010, திருவனந்தபுரம் 3,100. மிகக் கிட்டத்துக்கும் மிகத் தூரத்துக்கும் வித்தியாசம் 180 கிலோமீட்டர்தான். ஆகாயத்துல அது 13 நிமிஷம். அந்த 13 நிமிஷத்துக்காக அம்மாவை 650 கிலோமீட்டர் வடக்கே கொண்டுபோறதுல எனக்குச் சம்மதம் இல்ல. தரையில ஆகிற மணிகளையும், அம்மா பெட்டியோட ஏறி இறங்குற இடங்களையும் எண்ணுங்க. முட்டுவலிக்காரங்களுக்கு நேரத்தைவிட ஏறி இறங்குறதுதான் பாடு.

மேப்புல திருவனந்தபுரம் ஒட்டுனாப்புல தெரியுதுன்னீங்க. உண்மைதான், கல்லிடையில இருந்து நேர்க்கோட்டுல 65 கிலோமீட்டருக்குள்ள. ஆனா நடுவுல 1,868 மீட்டர் உசரத்துல பொதிகை நிக்குது. இந்தப் பக்கம் காரையாறோட நம்ம ரோடு முடிஞ்சுரும். மலையைச் சுத்தி நாகர்கோவில் வழியாப் போனா 150 கிலோமீட்டருக்கு மேல.

சென்னைக்கு ரயில்னா, கல்லிடையில இருந்து திருநெல்வேலி ஜங்ஷன், ஜங்ஷன்ல நெல்லை எக்ஸ்பிரஸ், விடியக்காலம் தாம்பரத்துல இறங்கி, மின்சார ரயில்லயோ ஆட்டோவுலயோ ஏர்போர்ட் இருக்கிற திரிசூலம். அதுக்கப்புறம் ராத்திரி 11:15 வரைக்கும் பகல் முழுக்க எங்க இருப்பாங்க? தாம்பரத்துல சொந்தக்காரங்க வீடு இருந்தா யோசிக்கலாம். திரும்பி வரும்போது இன்னும் சிரமம். 9:40க்கு இறங்கி வெளியே வர்றதுக்குள்ள நெல்லை எக்ஸ்பிரஸ் எழும்பூரை விட்டிருக்கும். ராத்திரி தங்கித்தான் ஆகணும்.

வாகைக்குளம் உங்களுக்கு ஒன்றரை மணி நேரப் பாதை, புதுக் கட்டடமும் 2025 ஜூலையில திறந்தாச்சு. ஆனா அங்க இருந்து வெளிநாட்டு விமானம் கிடையாது. சென்னையில இறங்கி உள்நாட்டு முனையத்துல இருந்து பன்னாட்டு முனையத்துக்கு மாறணும். ரெண்டும் ஒரே டிக்கெட்டா இருந்தா மட்டும் சம்மதிங்க. தனித்தனியா எடுத்தா பெட்டியை வாங்கி மறுபடி போடணும். முதல் விமானம் தாமதமானா ரெண்டாவதுக்காரங்க பொறுப்பு ஏத்துக்க மாட்டாங்க. முதன்முதலாப் போறவங்களை அந்தச் சங்கடத்துல விடக்கூடாது.

அதனால என் யோசனை இதுதான்: நீங்க நினைக்கிற வாரத்துல மதுரையில இருந்து நேரா சிங்கப்பூர் விமானம் இருக்கான்னு பாருங்க. இல்லையா, திருவனந்தபுரம். நேர் விமானம் எல்லா ஊர்லயும் தினமும் இருக்காது, கிழமை மாறும். தங்கச்சிகிட்ட ஒரு வாரத்துக்கான பட்டியலை வாங்கிக்கிட்டு அப்புறம் நாளை முடிவு பண்ணுங்க.

வள்ளியூர் வண்டி எழுதியது:

டீச்சர் சொன்னது எல்லாம் சரி. ரோட்டு விஷயம் மட்டும் நான் சொல்லுதேன். ஏர்போர்ட் சவாரிதான் எனக்குப் பொழப்பு.

அண்ணாச்சி, கல்லிடையில இருந்து மதுரை போணும்னா சேரன்மகாதேவி, நெல்லை, அதுக்கப்புறம் கயத்தாறு, கோவில்பட்டி, சாத்தூர், விருதுநகர், திருமங்கலம். நாலுவழி, வண்டி குலுங்காது. சாலைப்புதூர், எட்டூர்வட்டம், கப்பலூர்னு மூணு டோல்கேட். மூணரை மணி நேரத்துல ஏர்போர்ட் வாசல்ல நிப்பாட்டிருவேன். கோவில்பட்டியில நிறுத்தி அம்மா காபி குடிச்சு, கால நீட்டி உக்காந்துட்டுப் போலாம். மதுரை ஊருக்குள்ள போக வேண்டாம், ஏர்போர்ட் தெக்குப் பக்கம்தான்.

திருவனந்தபுரம் வேற மாதிரி. சேரன்மகாதேவி, களக்காடு, ஏர்வாடி வழியா வள்ளியூர் வந்தா நெல்லைக்குப் போற சுத்து மிச்சம். பணகுடி, காவல்கிணறு, ஆரல்வாய்மொழி வரைக்கும் சுகமா வரலாம். நாகர்கோவில் தாண்டுன பிறகு தக்கலை, மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம்னு ஊருக்கு ஊரு ஒட்டிக்கிட்டே வரும். 70 கிலோமீட்டர்தான், ஆனா சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்ட நேரத்துல மாட்டுனா அதுக்கே ரெண்டரை மணி நேரம் ஆயிரும். ராத்திரி விமானம்னா மத்தியானம் சாப்பிட்ட கையோட கிளம்பிரணும். மொத்தம் நாலு மணி நேரம்னு கூகுள் சொல்லும், நீங்க அஞ்சுன்னு வச்சுக்கோங்க.

செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு, புனலூர்னு ஒரு வழி இருக்கு, சுருக்கம்னு யாராச்சும் சொல்லுவாங்க. வேண்டாம். ஆடியில அந்த மலைப்பாதை மழையில ஊறிக் கிடக்கும். வளைவுல வளைவுல அம்மாவுக்கு மயக்கம் வரும், வாந்தி எடுத்த உடம்போட போயி விமானத்துல உக்காரவா?

இன்னொன்னு. வண்டி பேசும்போது கேரளா பெர்மிட் உண்டுமான்னு கேட்டுப் பேசுங்க. பெர்மிட் காசும் வாடகையில சேரும். திருவனந்தபுரத்துல வெளிநாட்டு விமானம் ஏறுறது சாக்கைப் பக்கம் உள்ள கட்டடம். சங்குமுகம் பக்கம் உள்ளது உள்நாட்டுக்கு. டிரைவர் புதுசுன்னா தெரியாம அங்க கொண்டு விட்டுருவான், நீங்க முன்னாலேயே சொல்லிருங்க.

வாசல்ல டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் உள்ளவங்களை மட்டும்தான் உள்ள விடுவாங்க. கூட வந்த மகன் வெளியதான் நிக்கணும். நிறைய அம்மாமார் அந்த இடத்துலதான் கலங்கிருவாங்க. சக்கர நாற்காலிக்குச் சொல்லி வச்சிருந்தா ஆள் வந்து கூட்டிட்டுப் போவான். அந்த ஆள் வர்ற வரைக்கும் நான் வண்டியை எடுக்கதே கிடையாது.

கடையநல்லூரான் எழுதியது:

டீச்சரம்மா 1982 கடிகாரக் கதையைச் சொன்னதும் எனக்குப் பழசெல்லாம் நினைவு வந்தது. எங்க ஊர்ல பெரியவங்க இன்னும் ‘சிங்கப்பூருக்கும் நமக்கும் ரெண்டு மணி நேரம்’ என்றுதான் சொல்வார்கள். அந்தக் காலத்தில் அப்படித்தான் இருந்தது.

கடையநல்லூருக்கும் சிங்கப்பூருக்கும் உள்ள தொடர்பு இன்று நேற்று ஏற்பட்டதல்ல. 1941லேயே அங்கே சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தொடங்கிவிட்டார்கள். அவ்வளவு பேர் அதற்கு முன்பே போய்த் தஞ்சோங் பகார் வட்டாரத்தில் குடியிருந்தார்கள். என் தகப்பனார் போனது ரஜூலா கப்பலில். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆள் ஏற்றிக்கொண்டு பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போகும். ஒரு வாரம் கடலில். அரிசி வேகும் வாசனையும் எண்ணெய் வாசனையும் கலந்து வரும், மேல்தளத்தில் பாய் விரித்துப் படுப்போம் என்று சொல்வார். வீட்டிலிருந்து நாகப்பட்டினம் போய்க் கப்பலுக்குக் காத்திருந்த நாள்களையும் சேர்த்துத்தான் அவர் பயணக் கணக்கைச் சொல்வார். ரஜூலாவுக்குப் பிறகு சிதம்பரம் என்ற கப்பல் ஓடியது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அது தீப்பிடித்தது. அதோடு நம்மவர்களின் கப்பல் பயணம் முடிந்து, எல்லாரும் விமானத்துக்கு மாறினோம்.

தம்பி, உங்க அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள். நம் மாவட்டத்துப் பெண்கள் எழுதப் படிக்கத் தெரியாமலே கைக்குழந்தையோடு அந்தக் கப்பலில் ஏறி, ஒரு வாரம் கடலில் கிடந்து, போய்க் குடித்தனம் நடத்தியிருக்கிறார்கள். இவர் ராத்திரி ஏறி விடியும் முன் மகளைப் பார்த்துவிடுவார். தைரியமாக அனுப்புங்கள்.

எங்க ஊர்க்காரர்கள் பெரும்பாலும் திருச்சியில்தான் ஏறுவார்கள். நேர் விமானம் அங்கேதான் அதிகம். 2024ல் திறந்த புதிய முனையமும் விசாலமாக இருக்கிறது. ஆனால் கல்லிடையிலிருந்து அது 300 கிலோமீட்டருக்கு மேல், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

திசையன்விளை – தெம்பனிஸ் எழுதியது:

இறங்குன பிறகு என்னன்னு நான் சொல்றேன். சாங்கி ஏர்போர்ட்டுக்கு ஊர்ல இருந்து வர்றவங்களைக் கூப்பிட அடிக்கடி போறவன்.

சிங்கப்பூருக்குள்ள வர்ற எல்லாரும் வருகை அட்டையை இணையத்துல நிரப்பணும். வந்து சேர்ற நாளையும் சேர்த்து மூணு நாளுக்குள்ள நிரப்பினாப் போதும், அதுக்குக் காசு கிடையாது. காசு கேக்கிற தளம் எதுவா இருந்தாலும் மூடிட்டு, குடிநுழைவுத் துறையோட (இமிகிரேஷன்) சொந்தத் தளத்துக்குப் போங்க. தங்கச்சியே இங்க இருந்து நிரப்பட்டும். விசாத் தாள், தங்கச்சி வீட்டு முகவரி, அவ கைபேசி எண், திரும்பி வர்ற டிக்கெட்டு, இது எல்லாத்தையும் காகிதத்துல அச்சடிச்சு ஒரு பிளாஸ்டிக் உறையில போட்டு அம்மா கையில குடுங்க. கைபேசியில இருக்குன்னு விட்டுறாதீங்க. ஊர் சிம்மு இங்க இறங்குன உடனே வேலை செய்யும்னு நம்ப முடியாது.

சக்கர நாற்காலிக்கு டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிருங்க. அப்ப விட்டுப்போனா, குறைஞ்சது ரெண்டு நாள் முன்னாடியாவது விமான நிறுவனத்துக்குச் சொல்லணும். இறங்குன இடத்துல இருந்து குடிநுழைவு, பெட்டி எடுக்கிற இடம், வெளிவாசல் வரைக்கும் ஒரே ஆள் தள்ளிக்கிட்டு வந்து விட்டுருவாங்க. முட்டுவலி இருக்கிறவங்க கூச்சப்படவே கூடாது. சாங்கியில நடக்கிற தூரம் ரொம்ப ஜாஸ்தி.

கல்லிடை அம்மா வெறுங்கையோட வரமாட்டாங்கன்னு எனக்குத் தெரியும். அப்பளம், வடகம் எல்லாம் தாராளமா பெரிய பெட்டியில போடுங்க. ஊறுகாயையும் எண்ணெயையும் கைப்பையில வைக்கக்கூடாது, சோதனையில எடுத்துருவாங்க. கொப்பரைத் தேங்காயை எந்தப் பையிலயும் வைக்காதீங்க. வெத்தலையோட புகையிலை போடுற பழக்கம் இருந்தா அதை ஊர்லயே விட்டுட்டு வரச் சொல்லுங்க, வாயில போட்டு மெல்லுற புகையிலைக்கு இங்க தடை. மாத்திரைகளை அட்டையோட, டாக்டர் சீட்டோட, கைப்பையில வைங்க. பெரிய பெட்டி எங்கயாவது தங்கிட்டா மாத்திரை அதோட போயிரக் கூடாது.

சாங்கியில இருந்து உட்லண்ட்ஸ் தீவோட வடகோடி. டாக்சியில அரை மணி நேரத்துக்கு மேல ஆகும். காலையில வேலைக்குப் போற நேரம்னா இன்னும் கூடும். ரயில்லயும் போலாம், ஆனா முதல் நாள் பெட்டியோட வேண்டாம். டீச்சரம்மா சொன்ன 4 மணி 20 நிமிஷத்துக்கு அப்புறம் வெளிய வர ஒரு மணி நேரம், வீடு போய்ச் சேர ஒரு மணி நேரம்னு வச்சுக்கோங்க.

கல்லிடைக்காரன் எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. டீச்சர், நீங்க போட்ட கூட்டிப் பாதியாக்குற கணக்கை அம்மாவுக்கே சொன்னேன், உடனே புரிஞ்சுக்கிட்டாங்க. கடையநல்லூர் ஐயா எழுதினதையும் வாசிச்சுக் காட்டினேன். ‘ஒரு வாரமா கப்பல்ல!’ன்னு கேட்டுட்டு, அப்புறம் விமானத்தைப் பத்தி வேற எதுவும் கேக்கல, பெட்டியில என்ன வைக்கணும்னு மட்டும் கேக்காங்க.

நாங்க நினைச்ச வாரத்துல மதுரையில நேர் விமானம் தோதா அமையல. டிராவல்ஸ்ல ரெண்டு காட்டுதாங்க. ஒண்ணு திருவனந்தபுரம், ஆகஸ்ட் 13 ராத்திரி. இன்னொண்ணு திருச்சி, ஆகஸ்ட் 12, நேரம் 00:40ன்னு போட்டிருக்கு. திருச்சி டிக்கெட் விலை கம்மி. அதுக்கு 12ஆம் தேதி மத்தியானம் கிளம்பினாப் போதுமா? ராத்திரி மாத்திரையை எந்த ஊர் நேரத்துக்குப் போடுறது?

பாளை டீச்சர் எழுதியது:

தம்பி, நல்ல நேரத்துல கேட்டீங்க. 12ஆம் தேதி 00:40ன்னா 11ஆம் தேதி ராத்திரி 12 மணி தாண்டி நாப்பதாவது நிமிஷம். 11ஆம் தேதி ராத்திரி 9:40க்கு அம்மா திருச்சி ஏர்போர்ட்டுக்குள்ள இருக்கணும். அதுக்குக் கல்லிடையில 11ஆம் தேதி மத்தியானம் 2 மணிக்குள்ள கிளம்பியிருக்கணும். 12ஆம் தேதி மத்தியானம் நீங்க கிளம்பும்போது விமானம் சிங்கப்பூர்ல இறங்கி வெகு நேரம் ஆகியிருக்கும். எந்த டிக்கெட்டா இருந்தாலும் தேதியைக் கிழமையோட, ‘திங்கள் ராத்திரி விடிஞ்சா செவ்வாய்’ன்னு எழுதி வீட்டு நாள்காட்டியில ஒட்டுங்க.

விலை வித்தியாசம் எவ்வளவுன்னு நீங்க சொல்லல. திருச்சி வரைக்கும் கார் வாடகையையும் சேர்த்துப் பாருங்க. 6 மணி நேரம் காருல உட்கார்ந்த முட்டியோட அடுத்த நாலு மணி நேரம் விமானத்துலயும் உட்காரணும். எனக்குத் திருவனந்தபுரமே சரின்னு படுது. வள்ளியூர் அண்ணாச்சி சொன்ன அஞ்சு மணி நேரத்தை வச்சு, நடுவுல நாகர்கோவில்ல ஒரு தடவை இறங்கி நடக்க விடுங்க. விமானத்துலயும் ஒரு தடவை எழுந்து நடக்கணும், காலைத் தொங்கப்போட்டே இருந்தா பாதம் வீங்கிரும்.

மாத்திரையை அவங்க டாக்டர்கிட்ட இந்த ரெண்டு நேரத்தையும் காட்டி எழுதி வாங்கிக்கோங்க. ராத்திரி மாத்திரை கல்லிடை நேரப்படி ஏறுறதுக்கு முன்னாலேயே வந்துரும். மறுநாள் காலை மாத்திரைதான் இரண்டரை மணி நேரம் முன்னால நகருது. இன்சுலின் போடுறவங்களா இருந்தா கேக்காம மாத்தவே கூடாது. கைப்பையில கொஞ்சம் பிஸ்கட்டும் கற்கண்டும் இருக்கட்டும். விமானத்துல சாப்பாடு எப்ப வரும், வருமான்னு டிக்கெட்டைப் பொறுத்தது, சில நிறுவனத்துல காசு குடுத்து முன்பதிவு பண்ணினாத்தான் உண்டு.

பணம் கட்டுறதுக்கு முன்ன இன்னொண்ணு பாருங்க. அம்மா பேர் பாஸ்போர்ட்டுல எப்படி இருக்கோ, ஒரு எழுத்து பிசகாம டிக்கெட்டுலயும் விசாவுலயும் வருகை அட்டையிலயும் இருக்கணும். நமக்கெல்லாம் இனிஷியல்தான் வழக்கம். பாஸ்போர்ட்டுல அதை விரிச்சு அப்பா பேரோ வீட்டுக்காரர் பேரோ குடும்பப் பேர்னு ஒரு கட்டத்துல போட்டிருப்பாங்க. டிராவல்ஸ்ல வாய்வழியாப் பேரைச் சொல்லாதீங்க, பாஸ்போர்ட்டு முதல் பக்கத்தைக் கையில குடுத்து அதைப் பார்த்தே அடிக்கச் சொல்லுங்க.